யாரும் சிரிக்காத சிரிப்பு

வாகா வாகா என்பது
இரட்டைக்கிளவியா அடுக்குத்தொடரா என்று
வந்த முதல் வாரம் யோசித்தேன்.
உள்ளூர்க்காரர்கள் பாதியை வெட்டிவிட்டு
வெறும் வாகா என்கிறார்கள்.
பிரித்தாலும் நிற்கிறது, ஆகவே அடுக்குத்தொடர்.
இளவேனில் என்ற என் பெயரையும் வெட்டி
ஈலா ஆக்கினார்கள்.
அதுவும் நிற்கிறது, ஒரு காலில்.

ஆட்களைத் தூங்கவைப்பது என் தொழில்.
எழுப்புவதும்.

செவ்வாய்தோறும் சிலிண்டர் லாரி வரும்.
தோளில் நீலம் பூசிய உருளைகள்.
சிரிப்பு வாயு என்றது பள்ளிப் பாடம்.
நான் அதைத் தொட்டே பல மாதம்;
என்னோடு இருக்கும் மூன்று மயக்க மருத்துவர்களும் அப்படியே.
பிரசவ அறையில் மட்டும்
வலி ஏறும்போது பெண்கள் இழுத்துக்கொள்கிறார்கள்.
அப்படியானால் லாரி யாருக்கு வருகிறது?

இதைக் கேட்டது நானில்லை.
நர்ஸ் மார்னி கேட்டாள்.
ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து
இரவுப் பணியில் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.
நூறு வாங்கினால் ஆறுதான் மனிதர்க்குள் போயிருக்கிறது.
"மிச்சத்தை யார் சிரித்தது, ஈலா?"

பொறியாளர் டெஸ்மண்ட் ஒப்பவில்லை.
எண்பத்து நான்கில் போட்ட குழாய்,
அருமையான செம்பு, ஒரு குறை சொல்ல முடியாது என்றார்
பெண் பார்க்க வந்தவர்களிடம்
மகளைப் பற்றிப் பேசுகிற குரலில்.

சனி இரவு அறுவை அரங்குகள் காலி.
உருளைகளின் வாயை மூடிவிட்டு
நிலவறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
மூவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நாடி பார்த்த பழக்கம்,
கால் மணிக்கொருமுறை எழுதினேன்.
நானூறு.
முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
முந்நூற்று எண்பது.
நோயாளியென்றால் இந்நேரம் ஓடியிருப்பேன்.
விடிகாலை மூன்றுக்கு இருநூற்று எழுபது.
டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
பூசிய சுவருக்குள் எங்கோ
காய்ந்துபோன ரப்பர் வளையம்.
நாற்பது வருஷமாகச் சுவர் சிரித்திருக்கிறது.

மேலே போன வாயு நூறு வருஷம் தங்கும்.
நான் இரண்டாம் வகுப்பில் சிலேட்டைத் துடைத்தபோது
இங்கே கசிந்தது இன்னும் அங்கேதான்.

ஒரு ஜனவரியில் மலைக்காட்டுப் புகை
ஊரைப் பத்து நாள் மூடியிருந்தது.
கேலப் என்று ஒரு பையன், ஏழு வயது,
இழுப்பு நிற்காமல் உதடு கறுத்து வந்தான்.
நான்தான் குழாய் இறக்கினேன்.
அந்தப் புகைக்கும் இந்தக் கசிவுக்கும்
நேர்கோடு போட்டால் பொய்.
கோடே இல்லை என்றால்
அதைவிடப் பெரிய பொய்.

கூட்டம் போட்டார்கள்.
எவ்வளவு மிச்சமாகும் என்றது கணக்குப் பிரிவு.
மருத்துவச்சிகள் எழுந்து
எங்கள் பெண்களின் வாயுவில் கை வைக்காதீர்கள் என்றார்கள்.
சரிதானே.
அவர்களுக்குப் படுக்கையோரம் சிறிய உருளை,
அரங்குக்கு ஒன்று தள்ளுவண்டியில்.
இப்படி முடிய ஐந்து மாதம்.

மூடும் நாளில் டெஸ்மண்ட் ஸ்பானரை
மார்னியிடம் நீட்டினார்.
அரைச் சுற்று.
சத்தமே இல்லை.

மறுநாள் ஒரு இடுப்பு, இரண்டு பித்தப்பை,
குதிரையிலிருந்து விழுந்த ஒரு தோள்பட்டை.
எல்லோரும் தூங்கினார்கள், எழுந்தார்கள்.
எதுவும் மாறியதாக யாரும் சொல்லவில்லை.
எங்கள் தொழிலில் இதைவிடப் பாராட்டு கிடையாது.

இனி என் கணக்கு.
பழக்கதோஷத்தில் ஆறு லிட்டரில் ஓடவிட்ட வாயுவை
அரை லிட்டருக்குக் குறைத்திருக்கிறேன்.
முதல் நாள் கை கூசியது.
வேலை முடிந்து நாற்பது கிலோமீட்டர்,
பெரிய காரில் தனி ஆளாய்.
அதை மார்னி இன்னும் கேட்கவில்லை.
கேட்பாள்.